புதிய கணினி இயங்க மறுத்தால் பழுதை எங்கே தேடுவது?

கொழும்பில் வாங்கிய மேசைக் கணினியைப் பேருந்தில் ஏற்றி, 300 கிலோமீற்றருக்கும் அப்பால் கல்முனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டு சென்று, வீட்டார் அனைவரும் சூழ்ந்து நிற்க ஆளியை அழுத்தும்போது திரை கறுப்பாகவே கிடந்தால் அந்த இல்லத்தின் நிலை எவ்வாறிருக்கும் என்பதை விபரிக்க வேண்டியதில்லை. பல குடும்பங்களில் நகையை அடகு வைத்தும் சீட்டுப் பணத்தை எடுத்தும் பிள்ளையின் படிப்புக்கென வாங்கப்படும் பொருள் அது. 2022 ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியபோது கணினியின் விலையும் சாதாரண மக்களின் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. எனவே பழுதென்று கருதிப் பதற்றத்தில் எடுக்கும் ஒரு தவறான முடிவு சிறிய இழப்பாக இருக்கப் போவதில்லை.

எமக்கு நன்கு தெரிந்த இல்லமொன்றில் அண்மையில் இதுவே நடந்தது. புதிய கணினியின் விசிறிகள் சுழன்றன. திரையில் எதுவுமே தோன்றவில்லை. விற்றவரிடம் தொலைபேசியில் முறையிட்டபோது, மின்னழுத்த ஏற்றத்தாழ்வினால் தாய்ப்பலகை எரிந்திருக்கும், அதற்கு உத்தரவாதம் செல்லாது என்று பெட்டியைத் திறந்து பாராமலேயே பதில் கிடைத்தது. பின்னர் அயலில் வசிக்கும் இளைஞர் ஒருவர் நினைவகப் பலகையைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்தினார். கணினி இயங்கியது. நெடுந்தூரப் பயணத்தின் குலுக்கலில் அது தன் இடத்திலிருந்து சற்றே நழுவியிருந்தது, அவ்வளவுதான்.

ஒரு கணினி எவ்வாறு விழித்தெழுகின்றது என்பதை அறிந்திருந்தால் அது எந்த இடத்தில் தடைப்பட்டு நிற்கின்றது என்பதையும் ஊகிக்க முடியும். சுவரிலுள்ள குதையில் செருகியைப் பொருத்திய உடனேயே மின்வழங்கியிலிருந்து 5 வோல்ற் அளவான சிறிய மின்சாரம் தாய்ப்பலகைக்குச் சென்று காத்திருக்கும். முன்புற ஆளியை அழுத்தியதும் மின்வழங்கி முழுமையாக விழித்து, தான் வெளிவிடும் மின்னழுத்தங்கள் சீராக உள்ளனவா எனச் சோதித்து, 'சரி' என்ற சமிக்ஞையைத் தாய்ப்பலகைக்கு அனுப்பும். அதன் பின்னரே செயலி உயிர்பெற்று, பயோஸ் எனப்படும் அடிப்படை மென்பொருளை வாசிக்கத் தொடங்கும். அந்த மென்பொருள் நினைவகத்தையும் திரைக்கான இணைப்பையும் ஏனைய உறுப்புக்களையும் ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கும். எல்லாம் சீராயின் வன்தட்டிலுள்ள இயங்குதளத்தை அழைத்து அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும். சில விநாடிகளில் முடிந்துவிடும் இந்த ஓட்டத்தில் எந்தக் கட்டத்தோடு அசைவு நின்றுபோகின்றதோ அந்தக் கட்டத்தையே நாம் ஆராய வேண்டும். விசிறியே சுழலாத கணினிக்கு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ முயல்வது வீண் வேலையாகும்.

முதலாவது நிலை, எவ்வித அசைவும் இல்லாதது. இங்கு வெட்கப்படாமல் மிகவும் எளிய காரணங்களிலிருந்தே தொடங்க வேண்டும். அதே குதையில் கைத்தொலைபேசியின் மின்னேற்றியைச் செருகிப் பார்க்கலாம். கணினிப் பெட்டியின் பின்புறத்தில் மின்வழங்கிக்கென ஒரு தனி ஆளி உண்டு. வட்டக் குறி தெரியும் பக்கம் அழுந்தியிருந்தால் மின்சாரம் உட்செல்லாது, கோட்டுக் குறியுள்ள பக்கமே அழுந்தியிருக்க வேண்டும். புதிதாக வாங்கப்படும் யூ.பீ.எஸ். சாதனங்கள் சிலவற்றில் மின்கலத்தின் இணைப்பு கழற்றப்பட்ட நிலையிலேயே பெட்டியில் வைக்கப்பட்டிருக்கும். ஆகவே முதலில் யூ.பீ.எஸ்.ஐத் தவிர்த்து, சுவர்க் குதையில் நேரடியாகச் செருகிப் பார்ப்பதே பொருத்தமானது.

மலிவான மின்வழங்கிகள் சிலவற்றின் பின்புறத்தில் 115, 230 என்ற இலக்கங்களுடன் ஒரு சிறிய சிவப்பு நகர்த்தி காணப்படும். எமது நாட்டின் மின்சாரம் 230 வோல்ற் ஆகும். நகர்த்தி 115 இல் இருக்கையில் மின்சாரத்தைக் கொடுத்தால் மின்வழங்கி கணப்பொழுதில் எரிந்துவிடும். எனவே ஆளியைப் போடுவதற்கு முன்னரே அதனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய வீடுகளில் வட்டமுனைக் குதைகள் உள்ளதால் பலர் கடையில் கிடைக்கும் இருமுனை இணைப்பிகளைப் பயன்படுத்துகின்றனர். அவற்றில் புவித்தொடுப்பு அறுபட்டு விடுகின்றது. கணினியின் உலோகப் பெட்டியைத் தொடும்போது விரலில் மெல்லிய சுரீர் உணர்வு ஏற்படுவதற்கு அதுவே காரணம். கணினி அவ்வாறும் இயங்கக் கூடும். ஆனால் அந்த ஏற்பாட்டை நாம் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

இரண்டாவது நிலையே அதிகமானோரைக் குழப்புவது. விசிறி சுழல்கின்றது, விளக்கு எரிகின்றது, திரை மாத்திரம் கறுப்பாக உள்ளது. இங்கு முதலில் பார்க்க வேண்டியது திரையின் வடம் எங்கே செருகப்பட்டுள்ளது என்பதாகும். தனியான வரைகலை அட்டை பொருத்தப்பட்ட கணினியில் பின்புறம் இரு இடங்களில் எச்.டீ.எம்.ஐ. துளைகள் தெரியும். மேலே உள்ளது தாய்ப்பலகைக்குரியது. கீழே கிடையாக அமைந்திருப்பது வரைகலை அட்டைக்குரியது. வடம் கீழுள்ளதிலேயே இருக்க வேண்டும். இன்டெல் கோர் ஐ5 12400எஃப் போன்று இலக்கத்தின் ஈற்றில் 'எஃப்' எழுத்தைக் கொண்ட செயலிகளிலும், ஏ.எம்.டீ. நிறுவனத்தின் ரைசன் 5 5600 போன்றவற்றிலும் வரைகலைப் பகுதி உள்ளடக்கப்படவில்லை. அத்தகைய செயலியை வரைகலை அட்டை இல்லாமல் விற்றிருந்தால் எந்த வடத்தை எங்கே செருகினாலும் படம் வராது. அதைப் பழுதென்று கூற முடியாது. பொருத்தமற்ற உறுப்புக்களைச் சேர்த்து விற்றவரே அதற்குப் பொறுப்பாவார்.

பொறுமையும் இங்கு அவசியமாகின்றது. டீ.டீ.ஆர். 5 வகை நினைவகத்தைக் கொண்ட புதிய கணினிகள் முதன்முறை இயங்கும்போது நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையிலான தொடர்பைத் தாமே அளந்து சீர்செய்துகொள்கின்றன. இதற்குச் சில நிமிடங்கள் செல்லலாம். அதுவரை திரை இருண்டே இருக்கும். இதனை அறியாதோர் அரை நிமிடத்தில் ஆளியை நிறுத்தி மீண்டும் போட, வேலை ஆரம்பத்திலிருந்தே தொடங்குகின்றது. ஒரு முறையாவது பத்து நிமிடங்கள் தொடாமல் விட்டுப் பார்ப்பது நன்று.

அதற்குப் பின்னரும் திரை ஒளிராவிட்டால் கணினி தரும் குறிப்புகளைக் கவனிக்க வேண்டும். முன்னைய கணினிகள் 'பீப்' ஒலிகளால் தம் நோயைச் சொல்லின. இன்றைய தாய்ப்பலகைகள் பலவற்றில் அதற்கான ஒலிபெருக்கி இல்லை. பதிலாகச் செயலி, நினைவகம், வரைகலை, தொடக்க வட்டு ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு சிறிய எல்.ஈ.டீ. விளக்குகள் உள்ளன. எந்த விளக்கு அணையாமல் நிற்கின்றதோ அங்கேதான் தடை. நினைவகத்தின் விளக்கு நின்றால், செருகியை முற்றாகக் கழற்றி, பெட்டியின் வர்ணம் பூசப்படாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்கிய பின், நினைவகப் பலகையை எடுத்து 'டிக்' என்ற ஓசையுடன் பூட்டு விழும் வரை அழுத்திப் பொருத்த வேண்டும். இரு பலகைகள் இருந்தால் ஒன்றை மாத்திரம் வைத்துப் பார்க்கலாம். எந்தத் துளையில் வைப்பதென்பது தாய்ப்பலகையுடன் வந்த கையேட்டில் காட்டப்பட்டிருக்கும். செயலியின் விளக்கு நின்றால், பலகையின் மேல் மூலையில் செயலிக்கென உள்ள எட்டு முனை மின்வடம் செருகப்பட்டுள்ளதா என்பதை நோக்குக. பெரிய 24 முனை வடத்தைப் பொருத்திவிட்டு இதனை மறந்துவிடுவது கணினி பூட்டுவோரிடம் பரவலாகக் காணப்படும் கவனயீனமாகும். இவை யாவும் சரியாக இருப்பின், செருகியைக் கழற்றியபடியே நாணயம் போன்ற சீ.ஆர். 2032 மின்கலத்தைச் சில நிமிடங்கள் வெளியே எடுத்து மீண்டும் இடலாம். பயோஸின் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும்.

இயங்கத் தொடங்கிச் சில விநாடிகளிலோ நிமிடங்களிலோ தானாக நின்றுவிடும் கணினியில் பெரும்பாலும் வெப்பத்தையே சந்தேகிக்க வேண்டும். செயலியின் மேலுள்ள குளிர்விப்பான் தளர்ந்திருக்கலாம். அதன் அடியில் ஒட்டப்பட்டிருந்த மெல்லிய பிளாஸ்ரிக் தாளை உரிக்காமலே பொருத்தியிருக்கவும் கூடும். ஆளியைப் போட்டதும் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுமாயின் அதற்கு மேல் எதையும் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் மின்வழங்கியின் உறையைத் திறக்க வேண்டாம். அதனுள் 300 வோல்ற்றுக்கும் அதிகமான மின்னழுத்தம் கொள்ளளவிகளில் தேங்கி நிற்கும்; செருகியைக் கழற்றிய பின்னரும் அது உடனே மறைவதில்லை.

நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றி, தொடக்க வட்டு இல்லை என்ற செய்தியுடன் நின்றால் அது நல்ல அறிகுறியே. வன்பொருள்களில் பெரும்பகுதி நலமாக உள்ளது. செருகியிருக்கும் பென் டிரைவைக் கழற்றிப் பாருங்கள். இயங்குதளம் நிறுவப்பட்டதா என்று கடையில் கேளுங்கள். 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. 'புதியது' எனக் கூறி விற்கப்பட்ட கணினி விண்டோஸ் 11 ஐ ஏற்க மறுக்குமாயின் அதன் உள்ளுறுப்புக்களின் வயதை விசாரிப்பது தகும்.

மின்சாரம் பற்றியும் ஒன்று. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததாகக் கூறப்பட்டு நாடே இருளில் மூழ்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பயோஸைப் புதுப்பிக்கும் வேளையில் அத்தகைய குரங்கு ஒன்று குறுக்கிட்டால் தாய்ப்பலகையே செயலிழக்கக் கூடும். யூ.பீ.எஸ். இல்லாத வீட்டில் அந்த வேலையில் இறங்காதிருப்பதே மேல்.

இனி உத்தரவாதம். பெட்டியின் பக்கக் கதவைத் திறந்தால் உத்தரவாதம் அற்றுப்போகும் என்ற ஒட்டுத்தாளைச் சில கடைகள் பதிப்பதுண்டு. எனவே மேற்கூறியவற்றில் பெட்டியைத் திறந்து செய்ய வேண்டியவற்றைச் செய்வதற்கு முன் கடைக்கு அறிவித்து, அவர்களது சம்மதத்தைக் குறுஞ்செய்தியிலேனும் பெற்றுக்கொள்ள வேண்டும். இயங்காத நிலையைக் கைத்தொலைபேசியில் ஒளிப்பதிவு செய்து, உறுப்புக்களின் தொடரிலக்கங்களையும் குறித்து வையுங்கள். வெற்றுப் பெட்டிகளையும் வீசிவிட வேண்டாம்.

விற்பனையாளர் கொடுத்த உத்தரவாதத்துக்கு அமையப் பொருள் இல்லாதவிடத்து, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின் கீழ் அதிகார சபையிடம் முறையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விபரங்களைப் பெற்றுக்கொள்ள முடியும். ஆயினும் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுடன், பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் செய்யப்படவும் வேண்டும். 'அடுத்த வாரம் வாருங்கள்' என்று கடைக்காரர் சொல்லும் ஒவ்வொரு வாரமும் அந்த மூன்று மாதங்களிலிருந்தே கழிகின்றது. ஆகையால் முதல் தவணை கேட்கப்படும் அன்றே பற்றுச்சீட்டின் பிரதியை எடுத்து வைத்து, கணினி ஒப்படைக்கப்பட்ட திகதியையும் பழுதின் விபரத்தையும் கடையின் முத்திரையுடன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.