எம்.ஆர்.ஐ. பரிசோதனை: அஞ்ச வேண்டியதும் வேண்டாததும்

எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குப் பரிந்துரைக்கப்படும் நோயாளிகள் பெரும்பாலும் கேட்கும் வினா, "இதில் கதிர்வீச்சு அபாயம் உண்டா?" என்பதே. இவ்வச்சத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோரும் உளர். இதற்கான விடை, அணுக்களின் ஒளியை ஆராய்ந்தோரின் கண்டுபிடிப்புகளில் அடங்கியுள்ளது.

அடுப்புச் சுடரில் உப்பு விழுந்தால் மஞ்சள் ஒளி தோன்றும். அது சோடியம் அணுவுக்கே உரியது. நிறமாலைமானியில் நோக்கினால் அவ்வொளி நெருங்கிய இரு கோடுகளாகத் தெரியும். 1896-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பீட்டர் சீமன், சுடரை வலிய காந்தமுனைகளுக்கிடையே வைத்தபோது அக்கோடுகள் அகலமாவதைக் கண்டார். காந்தப்புலம் ஒரு கோட்டைப் பலவாகப் பிரிக்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று.

புறக்காந்தம் இல்லாதபோதும் சில கோடுகள் மிக நுண்ணிய கோடுகளாகப் பிரிந்திருந்தன. 'மீநுண் அமைப்பு' எனப்படும் இதற்கு அணுக்கருவின் தற்சுழற்சியே காரணம் என 1924-இல் வுல்ஃப்காங் பவுலி கருதினார். அணுக்கருவும் ஒரு சிறு காந்தமே. காந்தப்புலத்திலுள்ள அணுக்கருவின் நிலையை வானொலி அலையால் மாற்றலாம் என்பதை 1938-இல் இசிடோர் ராபி நிறுவினார்.

நம் உடலின் நீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் அணுக்கள் நிறைந்துள்ளன. 1.5 டெஸ்லா காந்தத்தினுள் அவற்றின் அணுக்கரு நிலை இரண்டாகப் பிரிகிறது. அவ்விடைவெளிக்குப் பொருந்தும் அலை ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். இது பண்பலை வானொலியின் அதிர்வெண்ணினும் குறைவு. அணுக்கருக்கள் திருப்பியனுப்பும் மெல்லிய சைகைகளே படமாகின்றன. எக்ஸ் கதிர் இதில் இல்லை, அணுக்கரு சிதைவதுமில்லை.

ஆயினும் காந்தத்திடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. பரிசோதனை நடைபெறாத வேளையிலும் அது பொதுவாக இயங்கிக்கொண்டே இருக்கும். எனவே பின்வருவனவற்றை முன்கூட்டியே தெரிவியுங்கள்:

• பேஸ்மேக்கர், காக்ளியர் கருவி, மூளை இரத்தக்குழாயில் பொருத்திய கிளிப்
• வெல்டிங், கடைசல் வேலைகளில் கண்ணில் புகுந்த உலோகத் துகள்
• கர்ப்பம்
• சிறுநீரக நோய் (மாறுபாட்டு மருந்து செலுத்த நேரிடலாம்)

கைப்பேசி, சாவி, நகைகள், தாயத்து, தாலிக்கொடியில் கோத்துள்ள ஊக்குகள் ஆகியவற்றை வெளியே வைத்துவிட வேண்டும். துணைக்கு உள்ளே வருவோருக்கும் இவ்விதி பொருந்தும். ஆக்சிஜன் சிலிண்டர், சக்கர நாற்காலி போன்றவற்றைப் பணியாளரின் அனுமதியின்றி ஒருபோதும் உள்ளே கொண்டுசெல்லலாகாது.

பரிசோதனையின்போது எழும் பேரொலி, காந்தச் சுருள்களின் அதிர்வேயன்றிக் கோளாறு அன்று. காதடைப்பான் தரப்படும். இடையில் உதவி தேவைப்படின், கையிலுள்ள அழைப்புப் பந்தை அழுத்துங்கள்.