சாய்மனைக் கதிரையும் ஸ்பிரிங் கட்டிலும்

ரொறன்ரோவில் மகள் பிலாட்டிஸ் வகுப்புக்குக் காசு கட்டி, ரிஃபார்மர் என்ற பயிற்சிக் கருவியில் மல்லாந்து படுத்துக் காலால் உதைக்கிறாள். கொக்குவிலில் தாய் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பக் கைகொடுக்க ஆள் பார்த்திருக்கிறார். யாழ் குடாநாட்டில் இப்படி எத்தனை வீடுகள்!

பணக்காரர் விளையாட்டு என்று பிலாட்டிஸ் பயிற்சியை ஒதுக்குவோர் அது பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். 1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸை, முதலாம் உலகப் போரில் எதிரி நாட்டவர் என்று பிரித்தானியர் தடுத்து வைத்தார்கள். முகாமில் எழும்ப முடியாமல் கிடந்தவர்களின் கட்டில்களில் ஸ்பிரிங்குகளைக் கட்டி, படுத்தபடியே கைகால்களை இயக்க வைத்தார் என்பார்கள். முகாம் நமக்குப் புதிதா?

ரிஃபார்மரிலும் ஸ்பிரிங்தான் வேலை செய்கிறது: நகரும் பலகை, அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள், கால் ஊன்ற ஒரு கம்பி, கைகளுக்கு வார். எழுந்து நின்றால் உடற்பாரம் முழங்காலில் இறங்கும். படுத்துத் தள்ளும்போதோ, கொளுவிய ஸ்பிரிங்கின் இழுவை மட்டுந்தான். சத்திரசிகிச்சை முடிந்த காலுக்குக் குறைவாகத் தொடங்கி மெல்லக் கூட்டலாம். பலகை அடித்து மூடாமல் ஆறுதலாகத் திரும்ப விடுவதும் தொடைக்குப் பெரிய வேலை. படியிறங்கும்போது நம்மைத் தாங்குவது அந்தப் பலந்தான். துலா மிதித்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த தலைமுறைக்கு இந்தப் பலத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை; வேலையே கொடுத்தது.

காலை இழந்தவர்களுக்கு இந்தப் பலம் இன்னும் தேவை. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் செயற்கைக்கால் செய்து கொடுக்கிறது. கால் பொருத்தியதும் நடை வந்துவிடாது. இடுப்பும் வயிறும் தாங்காவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்தே முதுகும் நோகத் தொடங்கும். போரில் கால் இழந்தவர்களுக்கு இப்போது வயதும் ஏறுகிறது.

நாட்பட்ட இடுப்பு நோவுக்கு மற்ற உடற்பயிற்சிகளைவிட பிலாட்டிஸ் மேலானது என்று நிறுவப்படவில்லை என்றது, மருத்துவ ஆய்வுகளை அலசும் கொக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பு. இருக்கட்டும். பெரிதாக ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட அது பலன் தருகிறது என்றும் அங்கேதான் இருக்கிறது.

எனக்குப் பயம் அந்தச் சும்மா இருப்பைப் பற்றித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு வந்ததும் பிசியோ சொன்ன பயிற்சி ஒரு கிழமை நடக்கும். பிறகு, "அம்மா, நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ, ஆறுதலா இருங்கோ" என்று வெளிநாட்டிலிருந்து குரல் வரும். வேலைக்கு ஆள் வைத்தாயிற்று, தேத்தண்ணி கைக்கு வருகிறது. பாசம் கூடக்கூடத் தொடைத்தசை கரைகிறது. பிறகு ஒருநாள் குளியலறையில் விழுகிறார்கள்.

பிள்ளைகளே, ரிஃபார்மர் வாங்கி அனுப்ப வேண்டாம். இன்றிரவு வீடியோவில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டபின், பிசியோ சம்மதித்தால், உறுதியான கதிரையிலிருந்து அம்மாவைப் பத்துத் தரம் எழும்பி இருக்கச் சொல்லுங்கள். நீங்களும் அந்தப் பக்கத்தில் கூடவே எழும்பி இருங்கள்.