தரைப்பாலத்து வெள்ளமும் சரக்கு மோட்டார் வண்டியும்

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் இரவிலே தொடங்கி, பொழுது விடிந்து சிறிது நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆதலால் தொட்டியம், முசிறி, லால்குடி, மணப்பாறை முதலிய பக்கங்களிலிருந்து வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றிவரும் வண்டிகள் இருட்டிலேயே வழி நடக்க வேண்டியிருக்கிறது. முற்காலத்தில் மாடு நீரைக் கண்டு தயங்கி நின்றால், வண்டிக்காரன் அதன் புத்தியை மதித்து இறங்கிப் பார்ப்பான். இப்போது சரக்கை இழுப்பது பிக்கப் என்று வழங்கும் சிறு மோட்டார் வண்டி. அதற்கு அந்தத் தயக்கம் கிடையாது. டிரைவருக்கோ, விடியுமுன் மண்டியில் இறக்காவிடில் கீரை வாடி விலை விழுந்துவிடுமே என்ற கவலை ஒன்றுதான் மனத்தில் நிற்கும்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் உயர்ந்த பாலங்கள் உண்டு. அபாயம் பெரும்பாலும் சிற்றாறுகளிலும் ஓடைகளிலும் உள்ள தரைப்பாலங்களிலேதான். கோரையாறும் அரியாறும் தென்மேற்குப் புறத்து மேட்டு நிலங்களின் மழையைத் திரட்டி வருபவை. அய்யாறு கொல்லிமலை மழையால் பெருகுவது. இவை ஆண்டில் பல மாதங்கள் வறண்ட மணலாய்க் கிடந்து, ஐப்பசி கார்த்திகையில் சில மணி நேரத்துக்குள் கரை புரளக்கூடியவை. கடக்கும் இடத்தில் வானம் தெளிவாக நட்சத்திரத்தோடு விளங்கும்போதே மேலே பெய்த மழையின் வெள்ளம் வந்து சேரும். ஆகையால் புறப்படுமுன் மேற்புறத்துக் கிராமம் ஒன்றில் தெரிந்தவரைத் தொலைபேசியில் விசாரிப்பது, கரையில் நின்று வானத்தைப் பார்ப்பதினும் பயனுடையது.

ஓடும் நீரின் பலத்தைக் கிராமத்தில் அறியாதவர் இல்லை. ஆயினும் வண்டிக்குள் அமர்ந்தவுடன் அதை மறந்துவிடுகிறார்கள். நீரின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகிறது. ஒரு கன அடி நீரின் எடை ஏறக்குறைய 28 கிலோ. வண்டி எத்தனை கன அடி நீரை விலக்குகிறதோ அத்தனை 28 கிலோ எடை அதனின்று குறைந்ததாகவே கொள்ள வேண்டும். ஓடும் நீர் 1 அடி ஆழமிருந்தால் சிறு கார்களையும், 2 அடி ஆழமிருந்தால் சரக்கு வண்டிகள் உள்ளிட்ட பெரும்பாலான வாகனங்களையும் அடித்துச் செல்லக்கூடும் என்று அமெரிக்க வானிலைத் துறையார் எச்சரித்து வருகின்றனர்.

இங்கே விசேஷமாய்க் கவனிக்க வேண்டியது யாதெனில், மார்க்கெட்டிலிருந்து திரும்பும் நடையே போகும் நடையைக் காட்டிலும் ஆபத்தானது என்பதாம். ஒன்றரை டன் சரக்கேற்றும் வண்டியின் சொந்த எடையும் ஏறக்குறைய அவ்வளவே. வாழைத்தாரை மண்டியில் இறக்கியபின் மொத்த எடை பாதியாகிவிடுகிறது. அதிலும் பின்புறமே மிக இலேசாகிறது. உந்தும் சக்கரங்களும் பின்புறத்திலேயே இருப்பதால், முதலில் பிடிப்பை இழந்து பக்கவாட்டில் விலகுவது பின்பக்கமே. இரவு இரண்டு மணிக்குச் சுமையோடு சுகமாய்க் கடந்த டிரைவர், காலை எட்டு மணிக்கு அதே நீரை அதே துணிவோடு நெருங்குகிறார். நீரோ இதற்குள் அரை அடி ஏறியிருக்கலாம். அதை அவர் கண் அறிவதில்லை. குட்டியானை என்று ஜனங்கள் செல்லமாக அழைக்கும் இன்னும் சிறிய வண்டிகளுக்கு யானையின் பெயரே உண்டு, எடை இல்லை.

ஆழத்தோடு அடித்தளத்தையும் எண்ண வேண்டும். கலங்கல் நீருக்குக் கீழே பாலம் முழுமையாய் இருக்கிறதென்பதற்கு யாதொரு உறுதியும் இல்லை. 1928-ல் கட்டப்பெற்ற கொள்ளிடத்து இரும்புப் பாலம் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் தூண் சரிந்து இடிந்தது. போக்குவரத்து முன்னமே நிறுத்தப்பட்டிருந்தமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. அதே மாதம் 22-ந் தேதி முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கம் மதகுகள் பல அடித்துக்கொண்டு போயின. அத்தகைய கட்டிடங்களே நில்லாதபோது, ஓர் ஓடைத் தரைப்பாலத்தின் ஓரம் ஓர் இரவில் அரிக்கப்படுவது வியப்பன்று.

ஓட்டமில்லாத நீராயின், ஒருவர் கழியோடு முன்னே நடந்து பார்த்து, சக்கரத்தின் நடுக்குடத்துக்குக் கீழே ஆழமிருந்தால் மட்டும் இறங்கலாம். நெடுந்தூரம் ஓடிவந்த வண்டியைக் கரையில் சற்று நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான ஆக்ஸில் பெட்டி திடீரெனக் குளிர்ந்தால் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, சீல் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். முதல் கியரிலேயே மெதுவாகவும் ஒரே சீராகவும் செல்ல வேண்டும். நடுவில் கியர் மாற்றுவதும் கிளச்சை மிதிப்பதும் கூடாது. வேகமாய்ப் பாய்ந்தால் முன்னே எழும் அலை, எஞ்சின் காற்று இழுக்கும் வாய்க்குள்ளேயே நீரை வாரி இறைக்கும். எதிரே வண்டி வந்தால் அது கரையேறும்வரை காத்திருப்பது நன்று.

எஞ்சினைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் காற்று வாய் வழியே புகும் நீர்தான். காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க இயலாது. சிலிண்டருக்குள் நீர் நிற்கையில் பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில வேளை எஞ்சின் உடலையே உடைத்துக்கொண்டு வெளிவரும். ஆகையால் நீரில் நின்றுபோன வண்டியை எக்காரணத்தைக் கொண்டும் மறுபடி ஸ்டார்ட் செய்யலாகாது. நின்றது முதல் நஷ்டம். சாவியைத் திருப்புவதே பெரும் நஷ்டம். நீர் ஏறுமாயின் சரக்கையும் வண்டியையும் விட்டு ஆட்கள் உடனே கரையேறிவிட வேண்டும். வெள்ளம் வடிந்தபின் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றி, மெக்கானிக்கைக் கொண்டு இன்ஜெக்டர்களைக் கழற்றி நீரை வெளியேற்றியபிறகே எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கலாம். இவ்வாறு மறுபடி ஸ்டார்ட் செய்து கெட்ட எஞ்சினுக்குச் சாதாரண இன்சூரன்ஸ் பத்திரத்தில் ஈடு பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதையும் வண்டிச் சொந்தக்காரர் அறிந்திருத்தல் வேண்டும்.

நலமாய்க் கடந்த வண்டிக்கும் பராமரிப்பு உண்டு. கரையேறியவுடன் பிரேக்கை இலேசாய் மிதித்தபடி சிறிது தூரம் மெதுவாய் ஓட்டினால் பிரேக்குகள் உலரும். வீடு சேர்ந்ததும் ஏர் பில்டரைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று காண்க. எஞ்சின் ஆயிலும் பின் ஆக்ஸில் ஆயிலும் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டதென்று தெளிந்து, அவற்றை மாற்றாமல் அடுத்த நடைக்குப் புறப்படலாகாது. சக்கர பேரிங்குகளின் கிரீஸையும் அவ்வாறே சோதிக்க வேண்டும்; இதில் காட்டும் அசட்டை உடனே தெரிவதில்லை, இரண்டு மூன்று மாதம் கழித்து நடுவழியில் தெரியும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் செய்யத்தக்கதும் உண்டு. ஒவ்வொரு தரைப்பாலத்தின் இரு கரையிலும் அடி அளவு தீட்டிய கம்பமும், பாலத்தின் இரு ஓரங்களில் வெள்ளையடித்த குத்துக்கற்களும் ஐப்பசிக்கு முன்னரே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பத்தில் 1 அடிக் குறியில் சிவப்புக் கோடிட்டு, ஓடும் நீர் அதைத் தொட்டவுடன் குறுக்கே சங்கிலி பூட்டி, காவலுக்கு ஓர் ஆளையும் நிறுத்துதல் வேண்டும். வெள்ளம் வடிந்த மறுநாள் பகல் வெளிச்சத்தில் பாலத்தின் கீழ்ப்புற ஓரத்தை இறங்கிப் பார்த்து, அரிப்பு இல்லை என்று கண்டபின்னரே சங்கிலியை அவிழ்க்க வேண்டும்.