41 வயதில் ஒரு வெள்ளிப் பதக்கம்

ஸ்கை ஜம்பிங் வீரர் நோரியாகி கசாய் உலகக் கோப்பைப் போட்டியில் முதன்முதலாகக் களமிறங்கியது 1988 டிசம்பரில், ஜப்பானின் சப்போரோ நகரில். அப்போது அவருக்கு வயது 16. அதே சப்போரோவில் 2024 பிப்ரவரியில், 51 வயதில், தகுதிச் சுற்றைக் கடந்து மீண்டும் உலகக் கோப்பையில் பங்கேற்றார். இடைப்பட்ட ஆண்டுகளின் கதை வெற்றிகளால் மட்டும் ஆனதன்று.

பனிச் சரிவில் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கி வந்து, விளிம்பில் எழும்பி, நூறு மீட்டருக்கும் அப்பால் காற்றில் மிதந்து இறங்குவதே இவ்விளையாட்டு. 1972இல் ஹொக்கைடோ தீவின் ஷிமோகவா என்னும் சிற்றூரில் பிறந்த கசாய், காலில் பூட்டிய பலகைகளை இணையாக வைத்துப் பறக்கும் பழைய முறையில் பயின்றவர். சுவீடன் வீரர் யான் போக்லோவ் பலகைகளின் முனைகளை விரித்துப் பறந்து காட்டியபின் அம்முறை செல்லாததாயிற்று. கசாய் பழகியதைக் கைவிட்டுப் புதியதைக் கற்றார். 1992இல் ஹராஹோவில் நெடுந்தொலைவுப் பறத்தலில் உலகச் சாம்பியனானார்.

1994 லில்லிஹாமர் ஒலிம்பிக்கில் ஜப்பான் அணி தங்கத்தை நூலிழையில் தவறவிட்டு வெள்ளி பெற்றது. அவ்வணியில் அவரும் இருந்தார். நான்காண்டுகள் கழித்து நகானோவில், சொந்த நாட்டு மக்களின் முன்னிலையில், அதே அணிப் போட்டியில் ஜப்பான் தங்கம் வென்றது. அந்த நால்வரில் கசாய் இல்லை. அவரைத் தேர்வு செய்யவில்லை. ஒரு விளையாட்டு வீரருக்கு இதனினும் கசப்பான பார்வையாளர் இருக்கை உண்டோ என நாம் ஐயுறுகிறோம்.

ஜப்பானில் இத்தகைய வீரர்கள் பலர் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் அணியைச் சார்ந்தே வாழ்கின்றனர். கசாய் சார்ந்திருந்த அணிகள் அடுத்தடுத்துக் கலைந்தன. 2001 முதல் வீடு கட்டும் நிறுவனமொன்றின் அணியில் அவர் நிலைபெற்றார்.

2014 ஜனவரியில், 41 வயதில், ஆஸ்திரியாவின் குல்ம் குன்றில் உலகக் கோப்பைப் போட்டியொன்றை வென்றார். அவ்வயதில் அதுவரை எவரும் வென்றதில்லை. அடுத்த மாதம் சோச்சி ஒலிம்பிக். பெரிய குன்றுப் போட்டியில் போலந்தின் கமில் ஸ்டோக் 139, 132.5 மீட்டர் தாண்டினார். கசாய் 139, 133.5 மீட்டர். தொலைவில் முந்தியவர் கசாயே. எனினும் பறக்கும் பாங்குக்கும் காற்றின் நிலைக்கும் உரிய கணக்கு சேர்ந்தபோது 278.7க்கு 277.4 என 1.3 புள்ளிகளில் தங்கம் கைநழுவியது. இக்குன்றில் ஒரு மீட்டருக்கு 1.8 புள்ளி என்பதை எண்ணினால் இழப்பின் அளவு விளங்கும். ஒலிம்பிக் தனிநபர் பதக்கம் அவருக்கு அதுவே முதல்.

சில நாள்களில் அணிப் போட்டி நடந்தது. உடன் தாண்டிய மூவருள் ஒருவரான ரெருஹி ஷிமிஸு 1993இல் பிறந்தவர். கசாயின் முதல் ஒலிம்பிக்கோ 1992. அணி வெண்கலம் வென்றது. கசாய் கண்ணீர் விட்டது அன்றுதான்.