மலை பிளந்த மாஞ்சி: வீட்டுத் துயரம் ஊருக்குப் பாதையான வரலாறு

புதுதில்லி: தலைநகரின் எய்ம்ஸ் மருத்துவமனையில் 2007-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் நாள், பித்தப்பைப் புற்றுநோயால் அவதியுற்று வந்த பீகார் முதியவர் ஒருவர் காலமானார். அவர் அமைச்சராக இருந்தவர் அல்லர். எந்தக் கட்சிக்கும் தலைவர் அல்லர். நிலமற்ற விவசாயக் கூலித் தொழிலாளி. ஆயினும் அவரது இறுதிச் சடங்கை பீகார் அரசு முழு அரசு மரியாதையுடன் நடத்தியது.

அவர் பெயர் தசரத் மாஞ்சி. கயை மாவட்டத்தின் கெஹ்லௌர் கிராமத்தைச் சேர்ந்தவர். ஊருக்குக் குறுக்கே நின்ற மலையைச் சுத்தியலும் உளியும் கொண்டு 22 ஆண்டுகள் தனி ஒருவராகக் குடைந்து பாதை அமைத்தவர். மருத்துவமனைக்கு வழியில்லாமல் மனைவியைப் பறிகொடுத்த அந்த மனிதரின் உயிர், நாட்டின் தலைசிறந்த மருத்துவமனையில், ஊரிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பிரிந்தது.

மலைக்கு அப்பால் எல்லாம்

பீகாரின் தாழ்த்தப்பட்ட சாதிகளிலும் கடைக்கோடியில் வைக்கப்பட்ட முசாகர் சமூகத்தில் பிறந்தவர் மாஞ்சி. எலியைப் பிடித்து உண்பவர்கள் என்ற இழிபொருளையே அச்சமூகத்தின் பெயராக்கி வைத்தது சாதியமைப்பு. சொந்த நிலமின்றிப் பிறர் வயலில் பாடுபடுவதே அவர்களில் பெரும்பாலோரின் வாழ்க்கை. இளமையில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த மாஞ்சி, பின்னர் ஊர் திரும்பி, பால்குனி தேவியுடன் குடும்பம் நடத்தினார்.

கெஹ்லௌர் மக்களுக்குத் தேவையான யாவும் மலைக்கு மறுபுறத்தில் இருந்தன. வஜீர்கஞ்ச் பகுதிக்குச் செல்ல மலையைச் சுற்றிக்கொண்டு 55 கிலோமீட்டர் போக வேண்டும். இல்லையேல் கரடுமுரடான பாறைகளின் மீது ஏறி இறங்க வேண்டும். அவ்வாறு மலையில் நடந்தபோது பால்குனி தேவி இடறி விழுந்து காயமுற்றார் என்றும், காலத்தே மருத்துவம் கிட்டாமல் இறந்தார் என்றும் ஊரார் சொல்வதுண்டு.

மனைவியை இழந்தவர் விதியை நொந்துகொண்டு அடங்கியிருக்கலாம். மாஞ்சியோ, தம் வீட்டுக்கு நேர்ந்தது இன்னொரு வீட்டுக்கு நேரக்கூடாது என்று முடிவு செய்தார். ஆடுகளை விற்றுச் சுத்தியலும் உளியும் வாங்கினார். 1960-இல் மலையை உடைக்கத் தொடங்கினார்.

திட்டங்கள் மாறின, உளி ஓயவில்லை

வயல் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பெரியும். எனவே கூலி வேலைக்கு முன்னும் பின்னுமாகக் கிடைத்த நேரமே மலைக்கு உரியதாயிற்று. பைத்தியக்காரன் என்று ஊர் நகைத்தது. பாறை சிறிது சிறிதாக விலகுவதைக் கண்ட பிறகே சிலர் உணவு கொண்டு வந்து கொடுத்தனர்; கருவிகள் வாங்க உதவினர்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் உளியைக் கையிலெடுத்தவர், ஆறாம் திட்டக் காலத்தில், 1982-இல்தான் அதைக் கீழே வைத்தார். இடைப்பட்ட காலத்தில் தில்லியில் நேரு மறைந்தார், சாஸ்திரி வந்தார், இந்திரா காந்தி ஆட்சியிழந்து மீண்டும் ஆட்சிக்கு வந்தார். பாட்னாவில் அரசுகள் பலமுறை கவிழ்ந்தன. கெஹ்லௌருக்கு மட்டும் எந்தத் திட்டத்திலும் பாதை வரவில்லை.

மாஞ்சி குடைந்த பாதை ஏறத்தாழ 360 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்டது. வெட்டின் ஆழம் 25 அடி. கணக்கிட்டால் ஆண்டுக்கு 16 அடி நீளத்துக்குச் சற்று அதிகம். அந்தப் பதினாறு அடிகளின் பயனாக, அத்ரி, வஜீர்கஞ்ச் வட்டாரங்களுக்கு இடையிலான 55 கிலோமீட்டர் தூரம் 15 கிலோமீட்டராகச் சுருங்கியது.

தில்லிக்கு நடந்த மனு

பாதை வெட்டியதோடு மாஞ்சி ஓய்ந்துவிடவில்லை. தாம் வெட்டியதை முறையான சாலையாக்க வேண்டும், ஊருக்குப் பள்ளியும் மருத்துவமனையும் வேண்டும் என்று அலுவலகங்களின் படியேறினார். ரயில் பாதையை ஒட்டி நடந்தே தில்லி வரை வந்தார். பலன் உடனே கிட்டவில்லை.

2006-இல் பாட்னாவில் முதலமைச்சர் நிதீஷ் குமார் நடத்திய மக்கள் குறைகேட்பு நிகழ்ச்சிக்கு மாஞ்சி சென்றபோது, முதல்வர் எழுந்து தம் நாற்காலியில் அவரை அமர்த்தினார். பத்மஸ்ரீ விருதுக்கு அவர் பெயரை மாநில அரசு பரிந்துரைத்தது, விருது வரவில்லை. அரசு அவருக்கு வழங்கிய ஐந்து ஏக்கர் நிலத்தை, மருத்துவமனை கட்டுவதற்கென்றே அவர் திருப்பிக் கொடுத்தார். வாழ்நாள் முழுவதும் சொந்த நிலமின்றி உழைத்தவர், கைக்கு வந்த நிலத்தைத் தம் பிள்ளைகளுக்கென வைத்துக்கொள்ளவில்லை.

புகழ் வந்தது, மருத்துவம்?

மறைவுக்குப் பின் பெருமைகள் தொடர்ந்தன. சாலை போடப்பட்டது, மருத்துவமனைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2015-இல் கேத்தன் மேத்தா இயக்கத்தில் நவாசுதீன் சித்திக்கி மாஞ்சியாக நடித்த இந்தித் திரைப்படம் வெளியாயிற்று. 2016-இல் அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. முசாகர் சமூகத்தைச் சேர்ந்த ஜிதன் ராம் மாஞ்சி 2014 மே மாதம் பீகாரின் முதலமைச்சரானார். அவரும் கயை மாவட்டத்தவரே.

ஆனால், அதே 2014-ஆம் ஆண்டில்தான் தசரத் மாஞ்சியின் மருமகள் உரிய சிகிச்சை பெற வசதியின்றி இறந்தார் என்ற செய்தி நாளேடுகளில் வெளிவந்தது. மாமியாரைப் பறித்தது மலை என்றால், மருமகளைப் பறித்தது வறுமை. மலையை உளியால் உடைக்க முடிந்தது. வறுமையை உடைக்கும் உளி ஒரு தனி மனிதரின் கையில் இல்லை.

மாஞ்சியை மாமனிதர் என்று போற்றுவது எளிது. ஆனால், அவர் செய்த வேலை உண்மையில் யாருடைய வேலை என்ற கேள்வியை அந்தப் போற்றுதல் மறைத்துவிடலாகாது. இணைப்பில்லாக் கிராமங்களுக்குச் சாலை அமைப்பதற்கென்றே பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கப்பட்டது 2000 டிசம்பரில்; மாஞ்சி உளியை எடுத்த 40 ஆண்டுகளுக்குப் பின்னர். மனைவியை இழந்த கூலித் தொழிலாளி ஒருவர் மலையை உடைத்துத்தான் ஊருக்கு வழி தேட வேண்டும் என்ற நிலை, அந்த மனிதருக்குப் பெருமை, அரசுக்கு அன்று.

மாஞ்சி கேட்டவை சிலையும் தபால்தலையும் அல்ல. சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகிய மூன்றையே கேட்டார். சாலை இல்லாத ஊர் ஒவ்வொன்றிலும் அந்த மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.