பன்னீர்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கம் மலர் மணத்தோடு பிரியாத ஊர். தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் அமைத்துத் தொண்டு புரிந்த இடம் அது. அங்கேயும் திருச்சிராப்பள்ளியிலும் திருமண வீட்டு வாயிலில் சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் பன்னீர்ச் செம்பும் நம்மை வரவேற்கும். மாணவர்களே, அச்செம்பிலுள்ள நீர் யாது?

ரோஜா இதழ்களை நீரோடு கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிர்வித்து வடித்தெடுப்பதே பன்னீர். வடபுலத்துக் கன்னோசி நகரில் பெரிய செப்புப் பாண்டத்தில் மலரையும் நீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, மூங்கிற் குழாய் வழியே ஆவியை மற்றொரு கலத்திற்குச் செலுத்துவர். அக்கலம் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும்.

இங்கே ஓர் ஐயம் எழும். ரோஜாவின் மணப்பொருள்கள் பல 200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் கொதிப்பவை. நீரோ 100 டிகிரியில் கொதிப்பது. பின் மணம் எவ்வாறு ஆவியோடு வரும்? நீரின் ஆவியழுத்தமும் எண்ணெயின் ஆவியழுத்தமும் கூடிக் காற்றழுத்தத்தை எட்டியவுடனே கலவை கொதிக்கத் தொடங்கும். ஆதலின் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே எண்ணெயும் உடன் வருகிறது. குளிர்ந்தபின் எண்ணெய் மேலே மிதக்கும்; அதுவே அத்தர். பினைல் எதைல் ஆல்கஹால் என்னும் மணப்பொருள் நீரில் நன்கு கரைவதால் கீழுள்ள நீரும் மணக்கிறது. மல்லிகையின் மென்மணமோ வெப்பத்தில் கெடும். அதனைக் கரைப்பான்களைக் கொண்டே பிரித்தெடுக்கின்றனர்.

இனிப் பயனைக் காண்போம். பன்னீரைத் தோலில் தெளித்தால் அது ஆவியாகும்போது உடலின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. அதனால் குளிர்ச்சி தோன்றுகிறது. சந்தனம் குழைக்கவும், இனிப்புகளுக்கும் பருகுநீருக்கும் மணமூட்டவும் அது உதவும். ஆயினும் தோல் நோயைத் தீர்க்கும் மருந்தாக அதனைக் கருதலாகாது.

கடையில் விற்பவை யாவும் பன்னீர் அல்ல. செயற்கை மணத்தை வெறும் நீரில் கலந்து விற்பதும் உண்டு. திருமணத்தில் தெளிக்க அது போதும். உண்ணவோ முகத்தில் பூசவோ ஏற்றதன்று. உண்மைப் பன்னீரிலும் திறந்து வைத்தால் நுண்ணுயிர்கள் பெருகும். கண்ணெரிச்சலுக்குப் பன்னீர் விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நுண்ணுயிர் நீக்கப்படாத நீரைக் கண்ணில் விடுதல் பார்வைக்கே கேடாகலாம். வீட்டிலுள்ள பெரியோர்க்கு இதனைப் பணிவுடன் எடுத்துரைப்பது கற்றவர் கடமை.

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் குடுவையும் குளிர்விப்பானும் இருக்கும். ஒரு பிடி பன்னீர் ரோஜாவோடு ஆசிரியரை அணுகுங்கள். துளித்துளியாய் வடியும் நீரை முகர்ந்து பார்த்தவன் ஆவியழுத்தப் பாடத்தை மறக்கமாட்டான்.