வெளிநாட்டுச் சம்பளமும் ஊரிலுள்ள கல்விக் கடனும்

அரச பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத உயர்தர மாணவர்களுக்காக 2017 இல் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. வட்டிக்கு அஞ்சும் நமது சமூகத்துக்கு இது நல்லதொரு வாய்ப்பு. ஆனால், பட்டம் முடித்துக் கட்டார், சவூதி எனத் தொழிலுக்குச் செல்லும் சிலர், 'வட்டிதான் இல்லையே, பிறகு கட்டலாம்' எனத் தவணையைத் தள்ளிப்போடுகின்றனர்.

வட்டி இல்லாவிட்டாலும் பிணை இருக்கிறது. நீங்கள் தோஹாவில் இருக்கும்போது வங்கியின் கடிதம் போய்ச் சேர்வது, உங்களை நம்பிக் கையொப்பமிட்ட மாமாவிடம் அல்லது ஆசிரியரிடம்.

தவணையைக் கட்டுவது அவ்வளவு கடினமா? கட்டார் ரியாலின் பெறுமதி ஒரு டொலருக்கு 3.64 என நிலையாக உள்ளது. கடனோ ரூபாவில். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை சென்றது. 10,000 ரூபா தவணைக்கு 180 ரியால் தேவைப்பட்ட இடத்தில் சுமார் 100 ரியால் போதுமாயிற்று. இப்படி மிஞ்சும் பணத்தைச் சம்பள நாளிலேயே ஒதுக்காவிட்டால், அது கைபேசியிலும் கார்கோ பெட்டியிலும் கரைந்துவிடும்.

தவணைப் பணத்தை வீட்டுச் செலவுப் பணத்தோடு சேர்த்து அனுப்பாதீர்கள். பெருநாளோ கல்யாணமோ வந்தால் அதுவும் செலவாகிவிடும். ஊரில் தனிக் கணக்கொன்றில் மூன்று மாதத் தவணையை எப்போதும் வைத்திருங்கள். வேலை பறிபோனால், தவணை தவறும் முன்னரே வங்கிக்கும் பிணையாளருக்கும் அறிவியுங்கள்.